பள்ளி மணி அடிக்கும் முன்னே பெற்றோருக்குச் சொல்லுங்கள்!



ரயில்வேயில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு பாடம் முதல் நாளே சொல்லித் தரப்படுகிறது. வண்டி வருவதற்கு முன்பே பயணிக்குச் சொல்லிவிட வேண்டும். எந்த நடைமேடை, எத்தனை மணி, எவ்வளவு தாமதம் என்று மராத்தியிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் புனே நிலையத்து ஒலிபெருக்கி கூவிக்கொண்டே இருக்கிறது. வண்டி போன பிறகு அறிவித்தால் பயணி சும்மா விடமாட்டார். புகார்ப் புத்தகத்தைக் கொண்டுவா என்பார். அதில் நியாயமும் உண்டு.

ஒரு நாள் பயணத்துக்கே இத்தனை முன்னறிவிப்பு இருக்கிறது. ஒரு குழந்தையின் ஓராண்டுப் படிப்புக்கு என்ன முன்னறிவிப்பு இருக்கிறது? இந்த இதழில் நாம் கேட்க விரும்பும் கேள்வி அதுதான்.

ஜூன் பிறந்துவிட்டால் லோஹேகாவிலும் தானோரியிலும் விச்ராந்த்வாடியிலும் கட்கியிலும் நம் தாய்மார்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள்: "பள்ளிக்கூடம் என்னைக்குத் திறக்குறாங்க? எத்தனை மணிக்கு? புத்தகம் அவங்களே தர்றாங்களா, நாம வாங்கணுமா?" பதில் சொல்ல ஆள் இருப்பதில்லை. பள்ளி வாசலில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அது மராத்தியில் இருக்கும், அல்லது ஆங்கிலத்தில் இருக்கும். படிக்கத் தெரிந்தவருக்கு நேரமில்லை. நேரமுள்ளவருக்குப் படிக்கத் தெரியாது.

ஒரு குழந்தையின் கதை

சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறோம். பெயரும் ஊரும் பள்ளியும் வேண்டாம். விமான நிலையத்துக்கு அப்பால் எழும்பிய அடுக்குமாடிக் கட்டட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த கொத்தனார் குடும்பம் அது. மூத்த பெண்ணை முதல் வகுப்பில் சேர்க்க, கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் நெட் சென்டரில் உட்கார்ந்து மனுப் போட்டார்கள். தகப்பனுக்கு அப்போது சொந்தமாகச் செல்போன் இல்லை. அதனால் மேஸ்திரியின் எண்ணைக் கொடுத்தார்கள்.

குலுக்கலில் பெண்ணின் பெயர் வந்தது! செய்தியும் போயிற்று. எங்கே? மேஸ்திரியின் செல்போனுக்கு. அவரோ வேலை முடிந்து வேறு சைட்டுக்குப் போய்விட்டார். குறிப்பிட்ட நாளுக்குள் காகிதங்களோடு நேரில் வரவேண்டும் என்ற செய்தி அவர் சட்டைப்பையிலேயே கிடந்தது. நாள் கடந்தது. இடம் காத்திருப்போர் பட்டியலில் இருந்த அடுத்த குழந்தைக்குப் போயிற்று. அந்தக் குழந்தைக்குக் கிடைத்ததில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் இந்தக் குழந்தைக்கு?

ஆகஸ்டில் அந்தத் தாய் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு நம் சங்கத்துக்கு வந்தார். பெண்ணின் முதுகில் புதுப் பை. "சொல்லியிருந்தா அன்னைக்குக் கூலி போனாலும் போகட்டும்னு வந்து நின்னிருப்பேனே அண்ணா" என்றார். அலுவலகத்தில் விசாரித்தபோது கிடைத்த பதில் ஒரே வரி: "செய்தி அனுப்பியாகிவிட்டது."

தோழர்களே, இந்த ஒரு வரியில்தான் கோளாறு முழுவதும் அடங்கியிருக்கிறது. பார்சல் ஆபீசில் மூட்டையை வண்டியில் ஏற்றியதோடு கணக்கு முடிவதில்லை. சேரவேண்டிய ஊரில், சேரவேண்டியவர் வந்து, கையெழுத்துப் போட்டு எடுத்துப் போனால்தான் கணக்கு முடியும். அதுவரை மூட்டைக்கு ரயில்வே பொறுப்பு. மூட்டைக்கு உள்ள இந்த மரியாதை பெற்றோருக்குச் சேரவேண்டிய செய்திக்கும் வேண்டும் என்கிறோம். அனுப்புவது வேறு, போய்ச் சேருவது வேறு. போய்ச் சேராத செய்தி சொல்லப்படாத செய்திதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

பெற்றோருக்குத் தகவல் சொல்வது பள்ளி காட்டும் தயவு என்று பலர் நினைக்கிறார்கள். அது தயவு அல்ல, கடமை. 2009ல் நாடாளுமன்றம் நிறைவேற்றி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆவது பிரிவு ஆசிரியரின் கடமைகளை வரிசைப்படுத்துகிறது. பெற்றோரை முறையாகக் கூட்டி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் முதலியவற்றை அவர்களுக்குத் தெரிவிப்பது அதில் ஒன்று. நேரத்துக்குப் பள்ளிக்கு வருவதும் பாடத்தை முடிப்பதும் எந்தப் பட்டியலில் இருக்கிறதோ, அதே பட்டியலில்தான் இதுவும் இருக்கிறது.

9ஆவது பிரிவு உள்ளாட்சி அமைப்பின் கடமைகளைச் சொல்கிறது. இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் குழந்தைகளைப் பள்ளியில் சேர்ப்பதை உறுதி செய்யவேண்டும் என்று அங்கே தனியாகவே எழுதியிருக்கிறது. அதாவது நம்மை! லோஹேகாவின் எஞ்சிய பகுதி 2017 அக்டோபரில் புனே மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. ஆகவே இந்தக் கடமை மாநகராட்சியின் தலைமேல் இருக்கிறது. ஊராட்சிக் காலத்து நினைப்பில் எங்கே போய்க் கேட்பது என்று திகைத்து நிற்க வேண்டியதில்லை. குறையை எழுத்தில் கொடுத்தால் மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று 32ஆவது பிரிவு விதிக்கிறது.

அதே சட்டத்தின் 10ஆவது பிரிவு பெற்றோரின் கடமையையும் சொல்கிறது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை. நல்லது, ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் கடமையை நம் தலையில் சுமத்துகிறவர், அதை எங்கே, எப்போது, எந்தக் காகிதத்தோடு செய்வது என்று நமக்குப் புரியும்படி சொல்ல வேண்டாமா? சொல்லாமல் விட்டுவிட்டு, "இந்த ஜனங்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை" என்று பேசுவது எந்த ஊர் நியாயம்?

கட்டாயக் கல்வி என்ற பேச்சே இந்தப் புனே மண்ணோடு சேர்ந்தது. 1848ல் சாவித்திரிபாய் புலேயும் ஜோதிராவ் புலேயும் இங்கேதான் பெண்களுக்குப் பள்ளி திறந்தார்கள். 1882ல் ஹண்டர் கமிஷன் முன் ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாக்கக் கேட்டவர் ஜோதிராவ். இதே புனேயில் ஆசிரியராக இருந்த கோபாலகிருஷ்ண கோகலே 1911ல் ஆரம்பக் கல்வி மசோதாவைக் கொண்டுவந்தார். மறு ஆண்டு 13க்கு 38 என்ற வாக்கில் அது தோற்கடிக்கப்பட்டது. கோலாப்பூர் சாகு மகராஜ் 1917ல் தம் சமஸ்தானத்தில் கட்டாயக் கல்வியை நடத்திக் காட்டினார். அவர்கள் போராடியது பள்ளிக் கதவைத் திறப்பதற்காக. இன்று கதவு திறந்திருக்கிறது. திறந்திருக்கும் சேதிதான் குடிசைக்கு வந்து சேரவில்லை.

மேலே குழப்பம், கீழே தவிப்பு

பள்ளிகளை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. மேலே இருப்பவர்கள் கடைசி நேரத்தில் மாற்றி மாற்றி உத்தரவு போட்டால் கீழே இருக்கும் ஆசிரியர் என்ன சொல்வார்?

2024ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். ஒரு கிலோமீட்டருக்குள் அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ இருந்தால் தனியார் பள்ளி 25 சதவீத இடம் தரவேண்டாம் என்று பிப்ரவரி 9 அன்று மகாராஷ்டிர அரசு விதியைத் திருத்தியது. மே 6 அன்று மும்பை உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. முன்பே மனுப் போட்டவர்கள் மறுபடியும் போட வேண்டியதாயிற்று. ஜூலை 19 அன்று அந்தத் திருத்தத்தை உயர் நீதிமன்றம் ரத்துச் செய்தது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. தீர்ப்பு ஏழைகளுக்கு வெற்றி. ஆனால் அது வருவதற்குள் பள்ளி திறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்தத் தேதிகளையெல்லாம் எத்தனை கூலிக்காரக் குடும்பங்கள் பின்தொடர்ந்திருக்க முடியும்?

அடுத்து 2025. மராத்தி, ஆங்கில வழிப் பள்ளிகளில் முதல் வகுப்பிலிருந்தே இந்தி மூன்றாம் மொழி என்று ஏப்ரல் 16 அன்று உத்தரவு வந்தது. எதிர்ப்பு கிளம்பியது. பள்ளிகள் ஜூன் 16 அன்று திறந்தன. மறுநாள் ஜூன் 17 அன்று, கட்டாயம் என்ற சொல்லை எடுத்துவிட்டு வேறொரு உத்தரவு வந்தது. ஜூன் 29 அன்று இரண்டு உத்தரவுகளும் திரும்பப் பெறப்பட்டு, நரேந்திர ஜாதவ் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. மொழித் திணிப்பு என்றால் என்னவென்று தமிழனுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. மராத்தி மக்கள் தம் பிள்ளைகளுக்காகக் குரல் கொடுத்ததை நாம் மதிக்கிறோம். இங்கே நாம் சுட்டுவது வேறு. முதல் வகுப்புக் குழந்தை எத்தனை மொழி படிக்கப் போகிறது என்பது பள்ளி திறந்த அன்றும் அந்தக் குழந்தையின் தாய்க்குத் தெரியாது!

நம் மொழியில் சொல்லக் கூடாதா?

"இது மராத்தி மாநிலம், மராத்தியில்தான் எழுதுவோம்" என்று சிலர் சொல்லலாம். தாராளமாக எழுதட்டும். மராத்தி கற்க நாம் மறுக்கவில்லை. 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்த மாநிலத்தில் எல்லாப் பள்ளிகளிலும் மராத்தி கட்டாயம். நம் பிள்ளைகள் அதை நன்றாகவே பேசுகிறார்கள். துக்காராம் மகராஜின் தாய்வழி ஊர் என்று பெயர் பெற்ற லோஹேகாவில் வாழ்ந்துகொண்டு மராத்தி வேண்டாம் என்பவன் நன்றி கெட்டவன். மராத்தி கற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் இந்த இதழ் எப்போதும் சொல்லும்.

ஆனால் பிள்ளை மராத்தி கற்கும்வரை தாய்க்குச் சேதி சொல்லாமல் இருக்க முடியாது. 1956ல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் தரப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயலவேண்டும் என்கிறது. அதற்கும் முன்னால், 1949 ஆகஸ்டில் மாகாணக் கல்வி மந்திரிகள் மாநாடு ஒரு கணக்குச் சொன்னது. ஒரு மொழி பேசும் பிள்ளைகள் பள்ளியில் 40 பேரோ வகுப்பில் 10 பேரோ இருந்தால் அந்த மொழிக்கு ஆசிரியர் வைக்கவேண்டும் என்பதே அது. மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்திவருகிறது. அங்கே முடிந்தது இங்கே ஒரு பக்கத் தமிழ்த் தாளாகக்கூட முடியாதா? பள்ளிக்கூடமே கேட்கவில்லை ஐயா, ஒரு தாள் கேட்கிறோம்! மொழிபெயர்த்துத் தர நம் சங்கம் தயார். ஒரு காசு வேண்டாம்.

எப்போது சொல்ல வேண்டும்?

இதில் ரயில் சம்பந்தமான ஒரு விஷயம் இருக்கிறது. மே மாதம் நம்மவர்கள் ஊருக்குப் போவார்கள். மும்பையிலிருந்து புனே வழியாகப் போகும் சென்னை வண்டியிலும் நாகர்கோவில் வண்டியிலும் அப்போது நிற்கவும் இடமிருக்காது. முன்பதிவு 120 நாளுக்கு முன் திறந்த காலம் போய்விட்டது. 2024 நவம்பர் 1 முதல் 60 நாள்தான். ஜூன் நடுவில் பள்ளி திறந்தால், திரும்பி வரும் டிக்கெட்டை ஏப்ரல் நடுவிலேயே எடுத்தாக வேண்டும். ஏப்ரலில் தேதி தெரியாதவன் ஜூனில் வெயிட்டிங் லிஸ்டில் நிற்கிறான். பிள்ளைக்கு இரண்டு வாரப் பாடம் போகிறது. புத்தகம் கொடுக்கும் அன்று பிள்ளை இல்லை. பெற்றோர் கூட்டத்தன்று தாய் இல்லை. பிறகு வந்து "எனக்கு ஒண்ணும் தெரியாதே" என்றால், "அன்றைக்கே சொன்னோமே" என்கிறார்கள். ஆகவே பள்ளி திறக்கும் தேதி, நேரம், முதல் கூட்டத்தின் நாள் ஆகிய மூன்றையும் ஆண்டுத் தேர்வு முடிந்து பிள்ளை வீட்டுக்குப் போகும் அன்றே கையில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

நம் பங்கு என்ன?

இனி நம் குற்றத்தையும் பேசுவோம். மாநகராட்சியைக் கேட்கும் வாய், நம்மையும் கேட்கவேண்டும். பொங்கல் விழாவுக்கு வீடு வீடாகப் போய் அழைப்பிதழ் கொடுக்கிறோம். ஒருவர் வீடும் தப்புவதில்லை. பள்ளிச் சேர்க்கைக்கு என்றைக்காவது அப்படிப் போனோமா? அந்தக் கொத்தனாரின் மனைவி ஜனவரியில் நம் பொங்கலைச் சாப்பிட்டவர்தான். ஆகஸ்டில்தான் அவருடைய மகளைப் பற்றி நாம் கேட்டோம். இது நமக்கு வெட்கம்.

ஆகவே இந்த ஆண்டு முதல் சங்கம் செய்யப்போவது இது. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு தோழர், முடிந்தவரை ஒரு தாய், பொறுப்பேற்பார். பள்ளிச் செய்திகள் சங்க வாசல் கரும்பலகையில் தமிழில் எழுதப்படும். 25 சதவீத ஒதுக்கீட்டுக்கு மனுப் போடும் ஒவ்வொரு குடும்பத்தின் மனு எண்ணையும் சங்க நோட்டில் குறித்துவைத்து, குலுக்கல் முடிவை நாமே பார்த்து நேரில் போய்ச் சொல்வோம். சொன்னதற்கு அடையாளமாக அவர்களிடம் கையெழுத்தோ கைரேகையோ வாங்குவோம். வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டேன் என்று எந்தத் தோழரும் கணக்குக் காட்ட வேண்டாம். பார்த்தேன் என்று அந்தத் தாய் சொல்லவேண்டும்.

பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஒன்று: பிறப்புச் சான்று இல்லை என்று பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. டி.சி. வரத் தாமதம் என்பதும் சேர்க்க மறுக்கக் காரணம் ஆகாது. ஊரில் படித்த பிள்ளைக்கு டி.சி.யை உடனே தருவது பழைய பள்ளித் தலைமையாசிரியரின் கடமை.

இரண்டு: ஆதார் இல்லாததால் 6 முதல் 14 வயதுப் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் மறுக்க முடியாது என்று 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 'அபார்' அடையாள எண்ணுக்காகப் பள்ளி தரும் தாள் பெற்றோரின் சம்மதம் கேட்கும் தாள். படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மூன்று: சேர்க்கைக்காகப் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைக்கக் கூடாது, நன்கொடை கேட்கக் கூடாது. இரண்டுக்கும் சட்டத்தில் அபராதம் உண்டு.

நான்கு: 25 சதவீத ஒதுக்கீட்டுக்குத் தமிழ்நாட்டில் வாங்கிய சாதிச் சான்று இங்கே ஏற்கப்படுவதில்லை. கடைசி நாளில் இதைத் தெரிந்துகொண்டு அழுதவர்கள் உண்டு. இப்போதே சங்கத்தில் வந்து கேளுங்கள். மனுவில் உங்கள் சொந்தச் செல்போன் எண்ணையே கொடுங்கள்.

ஐந்து: அரசு, உதவிபெறும் பள்ளிகளில் பள்ளி நிர்வாகக் குழு இருக்கவேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்; மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். இங்கே அதை 'ஷாலா வ்யவஸ்தாபன் சமிதி' என்பார்கள். 'பாலக் சபா' என்று நோட்டீஸ் வந்தால் அது பெற்றோர் கூட்டம். ஒரு நாள் கூலி போனாலும் போங்கள், முன்வரிசையில் உட்காருங்கள்.

ஆறு: தனியார் பள்ளியில் ஆண்டு தொடங்கி 30 நாளுக்குள் பெற்றோர் ஆசிரியர் சங்கம் அமைக்கப்பட வேண்டும் என்பது மகாராஷ்டிரக் கட்டண ஒழுங்குச் சட்டம். அதன் செயற்குழுவுக்குப் பெற்றோர் குலுக்கல் முறையில் எடுக்கப்படுகிறார்கள். கட்டணம் பற்றிய பேச்சு அந்தக் குழுவின் முன்தான் வரவேண்டும். விருப்பம் தெரிவித்துப் பெயர் கொடுங்கள். பெயர் கொடுக்காதவருக்குக் குலுக்கலில் சீட்டே கிடையாது.

நாம் கேட்பது

மாநகராட்சிக் கல்வித் துறையை நாம் கேட்பது மூன்றே மூன்று. ஆண்டுத் தேர்வு முடியும் நாளிலேயே அடுத்த ஆண்டின் தேதித் தாளைத் தாருங்கள். தமிழ்க் குடும்பங்கள் உள்ள இடங்களில் அதைத் தமிழிலும் தாருங்கள். கன்னடத்தாருக்கும் தெலுங்கருக்கும் அவரவர் மொழியில் தாருங்கள். கட்டட சைட்டுகளுக்குப் பள்ளி திறக்கும் முன் ஒரு ஆளை அனுப்புங்கள். அந்த ஆளோடு நம் தோழர் ஒருவரும் நடந்து வருவார்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மேல் சுமத்தப்பட்ட கணக்கெடுப்பும் படிவமும் எவ்வளவு என்று எங்களுக்குத் தெரியும். நாங்களும் அரசாங்க மேசையில் உட்காருகிறவர்கள்தான். எங்கள் சண்டை உங்களோடு அல்ல. எங்கள் தாய் ஒருத்தி வாசலில் தயங்கி நின்றால் உள்ளே கூப்பிடுங்கள். அவருக்கு மராத்தி வராவிட்டால் பக்கத்தில் நிற்கும் பிள்ளை சொல்லும்.

அந்தக் கொத்தனாரின் மகள் அந்த ஆண்டே மாநகராட்சிப் பள்ளியில் சேர்க்கப்பட்டாள். இரண்டு மாதப் பாடம் போனதுதான் போனது. இந்த ஆண்டு அவள் தம்பி முதல் வகுப்புக்குப் போகிறான். எந்த நாள், எத்தனை மணி என்பது அவன் தாய்க்கு இப்போதே தெரியும். நேற்று நம் தோழர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு, நோட்டில் கையெழுத்து வாங்கி வந்திருக்கிறார்.

அந்த நோட்டில் அடுத்த பக்கம் காலியாக இருக்கிறது. உங்கள் தெருவின் பெயரை எழுத வாருங்கள், தோழர்களே!